ரோசலின் ஆன்ட்டியின் முன்பற்கள்

பெங்களூரில் என் முதல் காலைச் சாப்பாடே ஒரு குழப்பத்தில் ஆரம்பித்தது. உணவகப் பலகையில் 'சௌசௌ பாத்' என்று இருந்தது. சிங்கப்பூரில் எங்கள் வீட்டில் சௌசௌ என்றால் காய். கூட்டு வைப்போம், சாம்பாரில் போடுவோம். அந்தக் காய் போட்ட சாதம் வரும் என்று உட்கார்ந்திருந்தேன். வந்த தட்டில் இரண்டு மேடுகள். ஒன்று காரமான ரவை உப்புமா, மற்றது நெய் வடியும் கேசரி. "சௌசௌ எங்கே?" என்று பரிமாறியவரிடம் கேட்டேன். அவர் இரண்டு மேடுகளையும் விரலால் காட்டி, "இது சௌ, அது சௌ" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். காயை மறந்து இரண்டையும் வழித்துச் சாப்பிட்டேன். சாம்பார் மட்டும் கொஞ்சம் இனித்தது.

நான் வானொலியில் நிகழ்ச்சி தயாரிப்பவள். தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. எங்கள் நிலையத்தில் வாசித்து ஓய்வு பெற்ற சாக்ஸபோன்காரர் ஒருவர், வாலிபத்தில் பெங்களூர் ஓட்டல் ஒன்றில் சில காலம் வாசித்தவர். ஒருநாள் உணவு அங்காடியில் மீன்தலைக் கறியைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்: "அங்கே ரோசலின் என்று ஒரு தமிழ்ப் பெண் இருந்தாள். ஜாஸ் ட்ரம்பெட் வாசிப்பாள். அந்தக் காலத்தில் பாட வந்த பெண்கள் உண்டு, பியானோ வாசித்த பெண்கள் உண்டு. ட்ரம்பெட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றவள் எனக்குத் தெரிந்து அவள் ஒருத்திதான். அவள் வாசித்தது ஒரு நாடாவில்கூட இல்லை. உயிரோடு இருந்தால் பதிவு செய்துவிடு."

விசாரித்ததில் உயிரோடு இருந்தார். பெங்களூரிலேயே ஜீவனஹள்ளியில் மகள் ஜாய்ஸோடு இருந்தார். தொலைபேசியில் ஜாய்ஸ், "வாங்க மேடம், ஆனா அம்மாக்கு கொஞ்சம் பல் ப்ராப்ளம்" என்றாள். பல்வலி யாருக்குத்தான் இல்லை என்று நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

முதல் நாள் பேருந்தில் போய்ச் சிக்கனம் பிடிக்கலாம் என்று நினைத்தது தவறு. பேருந்தின் நெற்றியில் எண்ணைக்கூடக் கன்னடத்தில்தான் எழுதியிருந்தார்கள். ஐந்தா ஒன்பதா என்று தெரியாமல் குத்துமதிப்பாக ஏறினேன். நடத்துநரிடம் "ஜீவனஹள்ளி" என்றேன். நெரிசலில் அவர் காதில் என்ன விழுந்ததோ, தலையாட்டிச் சீட்டுக் கிழித்தார். கடைசியில் இறக்கிவிட்ட இடம் தொம்மலூர். புதிதாக முளைத்த கண்ணாடிக் கட்டடங்களுக்குப் பின்னால் ஒரு சந்து, ஒரு கோயில், பூக்கட்டும் பெண்கள். அவர்களில் ஒருத்தி என் புலம்பலைக் கேட்டுத் தமிழிலேயே சிரித்தாள்.

"ஜீவனஹள்ளிக்கி போறவ இங்க வந்து எறங்கிக்கினியா? அது எங்கியோ கீது, இது எங்கியோ கீது. ஆட்டோ புடிச்சி போ. மீட்டர் போட சொல்லு. போடலன்னா எறங்கிடு."

நான் பிடித்த ஆட்டோவில் மீட்டர் போடவில்லை. நான் இறங்கவும் இல்லை. எங்கள் ஊர் டாக்சியில் ஓட்டுநர் வாயே திறக்கமாட்டார். இவர் வழி முழுக்கத் தமிழ், கன்னடம், உருது மூன்றிலும் மாறி மாறிப் போக்குவரத்தைத் திட்டிக்கொண்டு வந்தார். ஜீவனஹள்ளி வந்ததும் தெருமுனைக் கடையில் வண்டியை நிறுத்தி, நான் சொல்லிக்கொடுத்தபடி கேட்டார்: "இங்க ஊதற அம்மா வூடு எது?"

கடைக்காரர் யோசிக்கவே இல்லை. கையை நீட்டிக் காட்டினார். பச்சைக் கதவு, உள்ளே பாய், பாயில் வரிசையாகக் கைக்குழந்தையோடு தாய்மார்கள். நேர்காணலுக்கு இவ்வளவு கூட்டமா என்று எனக்குத் திகைப்பு. நானும் வரிசையில் உட்கார்ந்தேன். என் முறை வந்தபோது வெள்ளைத் துப்பட்டா போர்த்திய வயதான முஸ்லிம் அம்மா ஒருவர் என் தலையில் கையை வைத்து, "பயமா? தூக்கம் வரல்லியா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கண்ணை மூடி ஏதோ ஓதி, என் முகத்தில் மூன்று முறை ஊதிவிட்டார். ஏலக்காய் வாசனை வந்தது.

"நான் ட்ரம்பெட் வாசிக்கிறவங்களைத் தேடி வந்தேம்மா," என்றேன்.

"ஓ, பீப்பி ஊதறவளா? அது பின்னாடி வீதி. நான் ஓதி ஊதறவ," என்றார் அவர். பக்கத்திலிருந்த தாய்மார்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். முகத்தில் அசடு வழிய எழுந்து வந்தேன். ஆனால் சொல்லத்தான் வேண்டும், அன்று நன்றாகத் தூங்கினேன்.

பின்னாடி வீதியில் இந்தக் கதையைச் சொன்னதும் ரோசலின் ஆன்ட்டி வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தார். அறுபதைத் தாண்டியவர். பூப்போட்ட நைட்டி, தோளில் துண்டு, ஒட்டிய கன்னம். "ஊதற கேஸுங்க எல்லாம் மொதல்ல அங்கதான் போவும்," என்றார். "அங்க போவவேண்டியதுங்க சில நாளு இங்க வந்துடும். கொழந்தைக்கி நான் இன்னாத்த ஊதறது?"

ஜாய்ஸ் ஒரு டம்ளர் காபியை இரண்டு சின்ன டம்ளரில் பிரித்துக் கொண்டுவந்தாள். 'பை டூ' என்று இந்த ஊரில் ஓட்டல்களிலும் கேட்டு வாங்குகிறார்கள். எங்கள் ஊரில் ஒரு காபியை இருவர் பகிர்ந்தால் காதலர்கள் என்று நினைப்பார்கள். ஆன்ட்டி தன் பங்கை உதட்டோரமாக, ஒரு பக்கமாகவே உறிஞ்சினார். அப்போதுதான் அவருடைய மேலுதட்டைப் பார்த்தேன். நடுவில் ஒரு ரூபாய் நாணயத்தை அழுத்தி எடுத்த மாதிரி வட்டத் தழும்பு. ட்ரம்பெட்டில் உதடு வைக்கும் குமிழின் தடம் அது.

கருவியை இயக்கினேன். ஆன்ட்டி பேச ஆரம்பித்தார். கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவர். குடும்பம் வட ஆற்காட்டிலிருந்து வந்தது. அப்பாவுக்கு நிலத்தடியில் வேலை, வெளியே வந்தால் தொழிலாளர் பேண்டில் ட்ரம்பெட். கல்தூசி சில வருடங்களில் அவர் மூச்சை வாங்கிவிட்டது.

"அவருக்கு காத்து கெடையாது. ஆனா விரலு நல்லா கீது. நான் முன்னாடி நின்னு ஊதுவேன். அவரு பின்னாடி நின்னுகினு என் தோள் மேல கைய வுட்டு பட்டனு அமுக்குவாரு. ஒரு ட்ரம்பெட், ரெண்டு பேரு. பாட்டு அவருது, காத்து என்து. ஒருநாளு பாட்டு பாதில அவரு கைய எடுத்துட்டாரு. எனக்கு தெரியல. பாட்டு நிக்காம போய்னே கீது. அப்பால பாக்கறேன், பட்டன் மேல என் விரலுதான் கீது."

அப்பாவின் இடத்தில் மகளைச் சேர்த்துக்கொள்ள பேண்டில் பலருக்கு மனமில்லை. ஆனால் சுரங்க ஊரில் சாவு அதிகம், சாவுக்கு ட்ரம்பெட் வேண்டும், ஆள் இல்லை. அப்படித்தான் சேர்ந்தார். ஜாஸ் வந்தது வேறு வழியில். வெள்ளைக்காரர் கிளப் சன்னலுக்கு வெளியே நின்று இசைத்தட்டுக் கேட்பாராம்.

"ஜாஸுன்னா இன்னான்னு யாரும் சொல்லித் தரல. ஒருத்தன் பாட்ட ஒழுங்கா ஆரம்பிக்கிறான், அப்பால அவன் இஷ்டத்துக்கு எங்கியோ போறான். சரி, தொலஞ்சான்னு நெனைக்கிறேன். கரெக்டா வூட்டுக்கு வந்துடறான். அட, இப்டியும் போய் வரலாமான்னு இருந்திச்சி. அன்னிலருந்து நானும் போய் போய் வந்தேன்."

தங்கவயலுக்கு வாசிக்க வந்த ஒரு கோவாக்காரர் அவர் வாசிப்பைக் கேட்டுவிட்டுப் பெங்களூருக்கு அழைத்துப் போனார். தண்டில் ஒரு பெரிய ஓட்டல். கண்டோன்மென்ட்டை இங்கே தண்டு என்றுதான் சொல்கிறார்கள். அந்த ஓட்டல் மேலாளருக்கு ஆன்ட்டி ட்ரம்பெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பாடினால் போதும். பார்க்க அழகாக இருக்கும் என்றாராம். மூன்று பாட்டு ஊத விட்டால் ஒன்று பாடுகிறேன் என்று ஆன்ட்டி பேரம் பேசியிருக்கிறார். லிப்ஸ்டிக் போடாமல் மேடை ஏறக்கூடாது என்பது மேலாளரின் அடுத்த சட்டம். லிப்ஸ்டிக் பூசிய உதட்டில் குமிழ் வழுக்கும். அதனால் ஒவ்வொரு தனிவாசிப்புக்கு முன்னும் ஆன்ட்டி கைக்குட்டையை எடுத்து, ஜனங்களைப் பார்த்தபடியே உதட்டை ஒரே இழுப்பில் துடைப்பார்.

"ஐய, அதுக்கு கை தட்டுவானுங்க பாரு! ஊதி முடிச்சதுக்கு கூட அப்டி தட்ட மாட்டானுங்க. அது ஸ்டைலுன்னு நெனச்சிகினானுங்க," என்றார். ஜாய்ஸும் சிரித்தாள். அவள் பலமுறை கேட்ட கதை என்பது தெரிந்தது, ஆனாலும் சிரித்தாள்.

கல்கத்தாவில் இரண்டு சீசன், பம்பாயில் ஒன்று. கணவர் பெங்களூரில் பேருந்து நடத்துநர். உனக்கு உன் டூட்டி, எனக்கு என் டூட்டி என்பதோடு அவர் விமரிசனம் முடிந்துவிடும். பிறகு ஓட்டல்களில் டிஸ்கோ வந்தது. ஆறு பேர் செய்த வேலையை ஒரு கேசட் செய்தது. ஆன்ட்டி கல்யாண பேண்டில் சேர்ந்து, ஆண் அளவில் தைத்த சிவப்புக் கோட்டில் கையை மடித்துவிட்டுக்கொண்டு, மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு சினிமாப் பாட்டு ஊதினார். கணவர் போய்ச்சேர்ந்த பிறகு அதையும் விட்டார். விடாதது ஒன்றே ஒன்று. தினமும் காலையில் ஒரு மணி நேரம், சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாதகம்.

"யாருக்காக ஆன்ட்டி?" என்று கேட்டேன்.

"யாருக்காகன்னா? நீ பல்லு வெளக்கறது யாருக்காக?"

துணிப்பையிலிருந்து அவர் ட்ரம்பெட்டை எடுத்தபோது நான் ஒலிவாங்கியை நகர்த்தினேன். இதற்குத்தானே கடல் தாண்டி வந்தேன். அப்போது ஜாய்ஸ் இடையில் வந்து நின்றாள்.

"மேடம், போன்லயே சொன்னேன் இல்ல? மேல நாலு பல்லும் ஆடுது. சுகர், ஈறுல சீழ். டாக்டர் எடுக்கணும்னு சொல்லிட்டாரு. நாளைக்கி அச்சு எடுக்கறாரு. இன்னிக்கி ஊதினா பல்லு கையோட வந்துடும்."

அப்போதுதான் எனக்கு முழு விஷயமும் புரிந்தது. ட்ரம்பெட்டின் குமிழ் உதட்டில் அழுந்துகிறது, உதட்டுக்குப் பின்னால் தாங்கி நிற்பவை முன்பற்கள். அவை இல்லாமல் ஊத முடியாது. பொய்ப்பல் கட்டலாம். ஆனால் அந்தப் பல் ஆன்ட்டியின் சொந்தப் பல் நின்ற இடத்திலேயே, அதே சாய்வில் நிற்கவேண்டும். கொஞ்சம் மாறினாலும் ஐம்பது வருடப் பழக்கத்துக்கு உதடு பொருந்தாது. அதற்கு, சொந்தப் பல் இருக்கும்போதே அச்சு எடுக்கவேண்டும். அச்சு எடுக்குமுன் பல் விழுந்துவிட்டால் டாக்டர் ஊகத்தில்தான் கட்டுவார்.

புரிந்தும் நான் விடவில்லை. "ஒரே ஒரு பாட்டு ஆன்ட்டி. மெதுவாக. உங்கள் வாசிப்பு எங்குமே பதிவாகவில்லையே. அப்புறம் இந்தப் பல் இருக்காது. புதுப் பல்லில் வருமோ வராதோ, யாருக்குத் தெரியும்?"

ஜாய்ஸ் என்னை முறைத்தாள். ஆன்ட்டி ட்ரம்பெட்டை மடியில் வைத்துக்கொண்டார். ஆசை அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. குமிழை உதடு வரைக்கும் கொண்டுபோனார். பிறகு இறக்கிவிட்டார்.

"உனக்கு ஒரு வாட்டி போதும் கண்ணு," என்றார். "எனக்கு தினம் வேணும்."

எனக்கு ஏமாற்றம் மட்டுமில்லை, கோபமே வந்தது. பயணச்செலவுக்கு நிலையத்தில் என்ன சொல்வது என்று மனம் ஓடியது. ஆன்ட்டி அதைப் பார்த்துவிட்டார் போல. "மைக்க தள்ளாத, இங்கியே வை," என்று சொல்லி, ட்ரம்பெட்டை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, உதடு படாமல் விரலால் மட்டும் ஓட்டலில் வாசித்த ஒரு தனிவாசிப்பை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை வாசித்தார். மூன்று பட்டன்களின் டக் டக் சத்தம் மட்டும் கேட்டது. நடுவில் வேகம் பிடித்தது, ஓரிடத்தில் நின்றது, மறுபடி ஓடியது. கண்ணை மூடியிருந்தார். முடித்ததும் அவருக்கு மூச்சு வாங்கியது.

மறுநாள் நானும் கூடப் போனேன். காக்ஸ் டவுனில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே சின்ன மருத்துவமனை. டாக்டர் சேலத்துக்காரர், முப்பது வயது இருக்கும். ஆன்ட்டி கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து, ட்ரம்பெட்டிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த குமிழை மேசையில் வைத்தார். டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னங்க, குழாய் சாமானுங்களா?"

"இதுக்குத்தான் எனக்கு பல்லு வேணும். கடிக்க இல்ல. நான் கடிச்சி இன்னா ஆவணும்? களி முழுங்கினு இருந்துடுவேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குமிழை உதட்டில் வைத்துக் காட்டச் சொன்னார், அழுத்தாமல். விளக்கைத் திருப்பி, பக்கத்திலிருந்தும் கீழிருந்தும் பார்த்தார். "எனக்கு இந்த மாதிரி கேஸ் வந்ததே இல்லைங்க. சாதாரண செட்டுக்கு உள்ளேயிருந்து அழுத்தம் வரும். உங்களுக்கு வெளியேயிருந்து வருது. கடவாய்ப் பல்லுல கொக்கி போட்டுப் பிடிக்கணும். பார்க்கலாங்க," என்றார். பார்க்கலாம் என்பதற்கு மேல் அவர் எதுவும் வாக்குக் கொடுக்கவில்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

"அச்சு எடுக்கறப்பவே பல்லு வந்துட்டா?" என்று ஜாய்ஸ் கேட்டாள்.

"வரலாங்க. மெதுவா எடுக்கறேன்."

இளஞ்சிவப்புக் களிம்பைக் குழைத்துத் தட்டில் நிரப்பி வாய்க்குள் வைத்து அழுத்தினார். அது இறுகும்வரை நாங்கள் காத்திருந்தோம். ஆன்ட்டியின் கைகள் மடியில் இருந்தன, வலது கை விரல்கள் மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தன. ஜாய்ஸ் கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டாள். நேற்று அந்த ஒரு பாட்டுக்காக நான் எப்படிக் கெஞ்சினேன் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

டாக்டர் தட்டை அசைத்து அசைத்து வெளியே எடுத்தார். 'ப்ளக்' என்று ஒரு சத்தம் கேட்டது. ஆன்ட்டியின் நாக்கு மேலே போய்த் துழாவியது. அவர் கண் விரிந்தது. நடுப்பல் ஒன்று இல்லை.

டாக்டர் தட்டை விளக்குக்குக் கீழே கொண்டுபோய்ப் பார்த்தார். களிம்புக்குள் அந்தப் பல் நட்டுவைத்தது போல நின்றுகொண்டிருந்தது.

"ஒண்ணும் கெட்டுப்போகலைங்க," என்றார் மெதுவாக. "பல்லு நின்ன இடம், சாய்வு எல்லாம் அப்படியே அச்சுல இருக்கு. நேத்தே விழுந்திருந்தாத்தான் கஷ்டம்."

ஆன்ட்டி என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். பஞ்சைக் கடித்துக்கொண்டு, என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஜாய்ஸ் ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தாள்.

மிச்சப் பற்களை எடுப்பதற்குள் நிலையம் எனக்குக் கொடுத்த நாட்கள் முடிந்துவிட்டன. கிளம்பும் நாளில் பிரிகேட் சாலையில் ஒரு இனிப்புக் கடையில் மைசூர் பாகு வாங்கினேன். எங்கள் ஊரில் அந்தப் பெயரில் விற்பதைக் கொண்டு சுவரே கட்டலாம், இது நாக்கில் வைத்ததும் கரைந்தது. ஆன்ட்டிக்கு ஒரு பெட்டி கொடுத்தனுப்ப நினைத்தேன். அப்புறம் சுகர் ஞாபகம் வந்து ஜாய்ஸுக்கு என்று எழுதிக் கொடுத்தேன்.

சிங்கப்பூரில் நிகழ்ச்சி ஒலிபரப்பானது. ட்ரம்பெட் இல்லாத ட்ரம்பெட் நிகழ்ச்சி. பட்டன் சத்தத்தை முழுசாகப் போட்டேன். என் மேலதிகாரி ஒலிப்பதிவில் கோளாறு என்று நினைத்து ஓடிவந்தார். சாக்ஸபோன்காரர் மட்டும் தொலைபேசியில் அழைத்து, அது எந்தப் பாட்டு என்று சரியாகச் சொன்னார். நடுவில் அவள் நிற்கிற இடத்தில் தானும் மூச்சு எடுத்ததாகச் சொன்னார்.

மழைக்காலம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலில் இருந்தபோது தொலைபேசி அடித்தது. எடுத்து ஹலோ என்றேன். பதில் இல்லை. வெளிநாட்டு அழைப்பின் இரைச்சல் மட்டும். வைத்துவிடலாம் என்று நினைத்தபோது அந்தப் பக்கம் ட்ரம்பெட் ஒலித்தது. ஒரே ஒரு சுரம். ஆரம்பத்தில் காற்றாகச் சீறியது, நடுங்கியது, ஒருமுறை உடைந்தது, பிறகு நிலைத்து நீண்டது. நான் கரண்டியோடு அப்படியே நின்றேன். அடுப்பில் ஏதோ தீய்ந்துகொண்டிருந்தது.

"கேட்டுச்சா?" என்று ரோசலின் ஆன்ட்டியின் குரல் வந்தது. புதுப் பல்லில் வார்த்தை கொஞ்சம் வழுக்கியது.

"கேட்டுச்சு ஆன்ட்டி! ரொம்ப நல்லா..."

"இன்னா நல்லா? சுருதி எறங்கி கீது. ரெண்டாவது பல்லு அர நூலு வெளிய நிக்குது. நாளிக்கி டாக்டராண்ட போய் தேச்சினு வரணும்." அடுத்ததாகக் கேட்டார்: "நீ இத டேப்பு கீப்பு போட்டியா?"

"இல்லை ஆன்ட்டி. நீங்கதான் கூப்பிடுவீங்கன்னு தெரியாதே."

"நல்லதா போச்சி," என்று சொல்லி வைத்துவிட்டார்.